அந்த மனுஷனோட பல்லு

இல்ல, உள்ள வராத, அங்கயே நில்லு. துணியெல்லாம் இந்தப் பைல இருக்கு. உன்கூடப் போய்க் குடித்தனம் பண்ண தைரியம் இருந்துச்சு, கட்டின பொண்டாட்டி முகத்தைப் பார்த்து நாலு சட்டை கேக்க தைரியம் இல்லையா அந்த மனுஷனுக்கு? உன்னை அனுப்பியிருக்காரு. நீயும் கூச்சமில்லாம வந்து நிக்கிற.

என்னது? திரும்பச் சொல்லு. நான் குடுத்த டென்ஷன்லதான் அவரு தூக்கத்துல பல்லைக் கடிச்சாரா? அவரே சொன்னாரா? சொல்லுவாரு.

கல்யாணமானதுல இருந்து அந்த நறநறவைக் கேட்டுக்கிட்டுப் படுத்தவ நானு. நீ எனக்குக் காரணம் சொல்ல வந்துட்ட. வயித்துல பூச்சின்னாங்க அவங்க அம்மா. நரைச்ச மீசையோட பூச்சி மாத்திரை முழுங்கினாரு. பல் டாக்டர் பார்த்துட்டு, கடைவாய்ப் பல்லெல்லாம் தேய்ஞ்சு தட்டையாயிருச்சு, மனசுல எதையோ போட்டு அழுத்துறாரு, சாயங்காலத்துக்கு மேல காபி, சிகரெட் ஆகாதுன்னாரு. காபியை நான் நிறுத்தினேன். சிகரெட் மொட்டை மாடிக்குப் போயிருச்சு. தாடைக்கு வெந்நீர் ஒத்தடமும் குடுத்தாச்சும்மா, நீ என்னமோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி பேசாத.

கடைசில டாக்டர் அளவெடுத்து, பல்லுக்கு ஒரு உறை செஞ்சு குடுத்தாரு. படுக்கும்போது மாட்டிக்கணும். வாய்க்குள்ள செருப்பைத் திணிச்ச மாதிரி இருக்குன்னு அங்கயே ஒரே புலம்பல். ஆனா கொஞ்ச நாள்ல சத்தம் சுத்தமா நின்னுருச்சு. நான் ஊரெல்லாம் அந்த உறையோட பெருமையைப் பேசினேன். என் தம்பி பொண்டாட்டிக்கு டாக்டர் நம்பர்கூடக் குடுத்தேன்.

அதுவா? அதையும் பைல போட்டுட்டேன். அவரு போன அப்புறம் அலமாரியைக் காலி பண்ணும்போது கெடைச்சுது. கடிச்ச தடம் ஒண்ணுகூட இல்ல. மாட்டவே இல்ல அந்த மனுஷன்.

ஏன், வேண்டாமா? ஓ. உன் வீட்டுலயும் மொதல்ல கடிச்சிக்கிட்டுதான் இருந்தாரா. இப்பக் கொஞ்ச நாளா சத்தமே இல்லையா. எல்லாம் உன் ஒத்தடமும் கைராசியும். சரி. சிரி, நல்லா சிரி.

இங்கயும் அப்படித்தான் நின்னுச்சு. மனுஷன் நிம்மதியாத் தூங்குறாரேன்னு நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன். நீ அவரு ஆபீஸ்ல வந்து சேர்ந்த மாசம் அது.

ஏன் நிக்கிற? பையைத் தூக்கு. ரெண்டு கையாலயும் பிடி, கனமா இருக்கும்.