சுக்கு போட்ட மாம்பழச் சாறு

— மானம் கருத்துருச்சா அன்னக்கொடி? மழை வரப்போகுதா?

— மழையா? வெளிய உச்சி வெயிலு மண்டையப் பொளக்குதுய்யா.

— அப்ப ஏன் வீட்டுக்குள்ள மூட்டம் போட்ட மாதிரி இருக்கு? அடுப்புப் புகையா?

— அடுப்பே பத்தவைக்கலயே! இங்க பாருங்க, என் கை தெரியுதா?

— கையா? எங்க வச்சிருக்க?

— ஐயோ என் சாமி! ஜலீல் அண்ணே, கேட்டீகளா? காலையில வெறும் தலைவலின்னுதான சொன்னாரு!

— கேட்டேன் தங்கச்சி. நேத்து இவன்கூடப் போன நல்லகாமனும் விடிகாலையில இதே பேச்சுத்தான் பேசுனான். மாங்கா ஏத்துற வேன்லயே அவனத் தூக்கிப்போட்டு பெரியாஸ்பத்திரியில சேத்துட்டு வாரேன். டாக்டர் அவன் வாய மோந்து பாத்ததுமே, கூடக் குடிச்சது யாருன்னு கேட்டாரு. என் தோப்புக் காவக்காரன் சோணைன்னு சொன்னேன். ஓடிப்போய்த் தூக்கிட்டு வாய்யான்னாரு.

— வேன் எங்கண்ணே?

— அப்பன்திருப்பதிக்கிட்ட டயர் வெடிச்சு நிக்குது. டிரைவர் மாத்திக்கிட்டிருக்கான். நான் ஒரு சைக்கிள இரவல் வாங்கி மிதிச்சு வாரேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் டாக்டர் ஒரு கைவைத்தியம் சொல்லியிருக்காரு. சொல்லவே என் வாய் கூசுது.

— சொல்லுங்கண்ணே, என் தாலி உங்க வாயிலதான் இருக்கு!

— நேத்துச் சாராயத்துல வார்னிஷுக்குப் போடுற ஸ்பிரிட்டக் கலந்துட்டானுக. நல்ல பிராந்தி கிடைச்சா கொஞ்சங் கொஞ்சமா உள்ள விடணுமாம். அது இருந்தா இந்த விஷம் மேக்கொண்டு வேலை பாக்காதாம். மதுவிலக்கு நாட்டுல பிராந்திக்கு நான் எங்க போவேன், அல்லாவே!

— அடுப்படிக்கு வாங்கண்ணே. மெதுவா வாங்க, அவரு காதுல விழுகப்போகுது.

— என்னத்தா?

— இந்த நெல்லுக் குதிருக்குள்ள கைய விடுங்க. இன்னும் ஆழமா. கிடைச்சுச்சா?

— பாட்டிலு! ஏது தங்கச்சி?

— மிலிட்டரியில இருக்கிற என் தம்பி, பிள்ளை பெத்த உடம்புக்குன்னு கொண்டாந்தது. இவரு கண்ணுல படாமப் புதைச்சு வச்சிருந்தேன்.

— அப்புறமென்ன, ஊத்திக் குடு!

— குடிக்க மாட்டாருண்ணே. சித்திரையில அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பன் கதவத் தொட்டு, இனிக் குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்தவரு. அத மீறித்தான் நேத்துக் குடிச்சாரு. விடிஞ்சு தலைவலி வந்ததுல இருந்து, கருப்பன் கேட்டுட்டான், கருப்பன் கேட்டுட்டான்னு அதே பொலம்பல். இன்னொரு சொட்டு தொட்டா தொட்டில்ல கிடக்கிற பிள்ளைய எடுத்துக்குவான்னு நடுங்குறாரு.

— சாராயத்துல விஷத்தக் கலந்தவன விட்டுட்டு சாமி மேல பழியப் போடுறானே!

— மாம்பழச் சாறுன்னா வேண்டாம்னு சொல்ல மாட்டாரு. அதுல கலந்துருவோம். அந்தக் கூடையில கல்லாமை மாம்பழம் இருக்கு. கனிஞ்சதாப் பாத்துப் பிசைங்கண்ணே.

— நார் நிறைய வருதே.

— என் முந்தானையில வடிச்சிருவோம். கருப்பட்டிய நான் தட்டுறேன். வெல்லத்துக்கு அந்த வாடை அடங்காது. சுக்க நுணுக்குங்க, பிள்ளைக்கு உரை மருந்துக்குன்னு வச்சது. ஏலக்காயும் அதே டப்பாவுலதான். ஒரு கல்லு உப்பு.

— மணம் ஆளத் தூக்குதே.

— இப்ப மூடியத் திருகி ஊத்துங்க.

— நானா? எங்க அத்தா கபுர்ல இருந்து எந்திரிச்சு வந்துருவாரு. ஆயுசுக்கும் இதக் கையால தொட்டதில்ல தங்கச்சி.

— சாறு வடிச்ச கை வழுக்குதே அண்ணே. சிந்திட்டா வேற எங்க போவேன்?

— குடு இங்க. எதைச் செஞ்சாலும் பிஸ்மி சொல்லித்தான் செய்வேன். இதுக்கு எப்படிச் சொல்ல? அல்லா மனசப் பாக்கட்டும். போதுமா?

— இன்னும் கொஞ்சம். அந்த இன்னொரு டம்ளர்ல வெறுஞ்சாறு ஊத்துங்க. கூட உக்காந்து நானும் குடிச்சாத்தான் நம்புவாரு.

— அடியே, அங்க என்ன குசுகுசுன்னு?

— மாம்பழம் பிழிஞ்சோம்யா. உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. சுக்கு போட்டிருக்கு, குமட்டாது. நான் பிடிச்சுக்கிறேன், பையக் குடிங்க.

— கருப்பட்டியா?

— ஆமாய்யா.

— ஏலக்காய் வேற போட்டிருக்க. என்ன விருந்தா? இரு, இதுல என்னத்தடி கலந்த?

— சுக்குய்யா.

— கண்ணு போனவனுக்கு மூக்கும் போச்சுன்னு நினைச்சியா? தூ! பிராந்தி! கருப்பன் பாத்துக்கிட்டிருக்கான்டி, பாவி!

— தட்டிவிடாதீங்க! ஐயோ, அம்புட்டும் தரையில போச்சே!

— அழுகாத தங்கச்சி, பாட்டில்ல இன்னும் இருக்கு. சோணை, நான் சொல்றதக் கேளு. இது சாமி குத்தமில்லப்பா, விஷம். நல்லகாமனுக்கும்தான் கண்ணு தெரியல. அவன் என்ன சத்தியமா பண்ணான்?

— பண்ணான் பாய். என் பக்கத்துல நின்னு அதே கதவத்தான் தொட்டான். ரெண்டு பேரையும் ஒரே நாள்ல கேட்டுட்டான் பாருங்க.

— அட அல்லாவே! நான் வாயத் தொறந்ததே தப்பு.

— அன்னக்கொடி, இந்தச் சரக்கு எங்க இருந்துச்சு?

— குதிருக்குள்ள.

— நேத்துச் சாயங்காலம், கை நடுங்குது, ஒரு வாய் இருந்தாக் குடுன்னு உன் காலப் பிடிக்காத குறையாக் கேட்டேனே. நெல்லுக்குள்ள வச்சுக்கிட்டா இல்லைன்னு சொன்ன?

— சத்தியம் பண்ணுன மனுசனக் காப்பாத்துறேன்னு நினைச்சேன்யா. அத எடுத்துக் குடுத்திருந்தா நல்லகாமன் கூடப் போயிருக்க மாட்டீக. என் நெஞ்சு வேகுது.

— நீ என்ன செய்வ? வாக்குத் தப்புனவன் நானு. கண்ணோட போகட்டும்.

— கண்ணோட நிக்காது சோணை! உசுரையும் வாங்கிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நல்லகாமனுக்கு மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடக்குப்பா!

— எனக்கும் இழுக்கட்டும் பாய். நான் இன்னொருக்கா மீறி, என் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அப்புறம் எனக்குக் கண்ணு எதுக்கு, உசுரு எதுக்கு?

— அண்ணே, இன்னொரு டம்ளர் கலங்க. இருக்கிற பிராந்திய அதுல ஊத்துங்க.

— இவன்தான் வாயவே தொறக்க மாட்டேங்கிறானே.

— தொறப்பாரு. நீங்க கலங்க. யோவ், இங்க கேளுங்க. கருப்பன் உங்க சத்தியத்துக்காக வரல.

— பின்ன எதுக்கு வந்தானாம்?

— நான் கூப்பிட்டு வந்தான். வைகாசியில பேரையூர்ல ஆத்தா வீட்ல இருந்து திரும்பி வந்தேனே, அந்த வாரமே பிள்ளைய இடுக்கிக்கிட்டு அழகர்கோயிலுக்குப் போனேன். உங்க சத்தியம் எத்தனை பாத்துட்டேன்! நம்பிக்கை இல்லாமத்தான் போனேன். கருப்பன் வாசல்ல காசு வெட்டிப் போட்டேன்யா.

— காசு வெட்டிப் போட்டியா? எதிராளிக்குப் போடுறத எனக்கா போட்ட?

— உங்களுக்குத்தான். இந்த ஆளு வாக்குத் தப்புனா இவரு கண்ணு ரெண்டையும் பிடுங்கிருன்னு போட்டேன். பிள்ளையப் பத்தி வாயத் தொறக்கல. கண்ண மட்டுந்தான் கேட்டேன். கேட்டத அவன் எடுத்துட்டான். அதோட தீந்துச்சு வழக்கு. இனிப் பிள்ளைகிட்ட அவனுக்கு என்ன வேலை?

— அடிப்பாவி.

— அடிங்க. எந்திரிச்சு வந்து அடிங்க. ஆனா இதக் குடிச்சுட்டு வந்து அடிங்க.

— என் கண்ணக் கேக்க உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?

— வந்துருச்சு. குடிங்க.

— கண்ணத்தான கேட்ட? உசுரக் கேக்கலையே?

— இல்லய்யா. சத்தியமா இல்ல.

— பிள்ளையக் கேக்கலையே?

— என் பாலு மேல ஆணை. கேக்கல.

— அப்பக் குடு. டம்ளரு எங்க இருக்கு? கைய வச்சுக் காட்டு.

— இந்தா, இங்கதான்யா. ஒவ்வொரு மடக்கா.

— நல்லாத்தான்டி இருக்கு. சுக்கு ஒரு துளி கூடிப்போச்சு.

— இன்னொரு மடக்கு. அம்புட்டுத்தான், என் ராசா, கீழ வச்சுராதீங்க.

— தங்கச்சி, ஆரன் சத்தம் கேக்குது! வேன் வந்துருச்சு. சோணை, அப்படியே படுத்திரு, டிரைவரும் வரட்டும், தூக்கிருவோம். நீ பிள்ளைய எடுத்துக்கிட்டு வாசலுக்கு வாத்தா. ஒண்ணு கேக்கணும்.

— என்னண்ணே?

— கூடப்பொறந்தவனா நினைச்சுச் சொல்லு. கட்டுனவன் கண்ணு போகணும்னு மெய்யாவே காசு வெட்டிப் போட்டியா?

— கருப்பன் கோயில் இருக்கிற திசைக்கே நான் போகலண்ணே. ஆனா அவரு கண்ணு திரும்புனாலும் திரும்பாட்டியும், இனி ஆயுசுக்கும் நான் வெட்டிப் போட்டவதான். நீங்க மட்டும் அவருகிட்டச் சொல்லிறாதீக.