மாட்டு டாக்டரின் இரண்டாவது அலைவரிசை

வண்டிக்கு எந்த ரேடியோ வாங்கலாம் என்று என்னிடம் கேட்காத ஆள் எங்கள் மலைப் பக்கத்தில் குறைவு, ஐயா. நான் வண்டி எலக்ட்ரீஷியன். பத்தொன்பது வருடமாக அமெச்சூர் ரேடியோ உரிமமும் வைத்திருக்கிறேன். செல்போன் சிக்னல் எட்டாத வளைவுகள் இங்கே ஏராளம். பாறை சரிந்தாலும் பஸ் கவிழ்ந்தாலும் முதல் தகவல் வருவது எங்கள் ரேடியோ மன்றத்து ஆட்களிடமிருந்துதான். நடந்ததை முறையாகச் சொல்லுங்கள் என்றீர்கள். முறையாக என்றால் ரேடியோவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒற்றை பேண்ட் ரேடியோ ஒரே அலைவரிசையில் பேசும், ஒரே அலைவரிசையைக் கேட்கும். எங்களுக்கு அது இரண்டு மீட்டர் என்கிற அலைவரிசை. ஒரு குமிழ், நான்கு பொத்தான், அவ்வளவுதான். குலுங்கினாலும் தூசி படிந்தாலும் முகம் சுளிக்காது. இரட்டை பேண்ட் என்றால் இதோடு எழுபது சென்டிமீட்டர் என்கிற இரண்டாவது அலைவரிசையும் சேர்ந்து வரும். கொஞ்சம் நல்ல மாடலாக இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கலாம். சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டீரிங்கை ஒடிக்கிறவன் காதில் இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் அவன் எதைக் கேட்பான்? மனைவியும் மாமியாரும் சேர்ந்து பேசும்போது தட்டில் என்ன இருக்கிறது என்றே நமக்குத் தெரிவதில்லை. இதில் பக்கத்திலேயே பாதாளம் வேறு.

இதைத்தான் நான் மன்றத்தில் சொன்னேன். தனிப்பட்ட விருப்பு வெறுப்பு எதுவும் கிடையாது.

எங்கள் மன்றத்தில் பதினொரு பேர். தினமும் காலை ஏழு மணிக்கு இரண்டு மீட்டரில் நான் அழைப்பேன். ஒவ்வொருவராகப் பதில் சொல்வார்கள். முதலில் பேக்கரிக்காரர், அடுத்து பள்ளி பஸ் ஓட்டும் அக்கா, பிறகு மருந்துக்கடைக்காரர், அப்படியே வரிசையாக. "காலை வணக்கம் அண்ணே, தெளிவா கேக்குது." ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிடக் கூடாது. நான் பெயர் சொன்ன பிறகுதான் மைக்கை அழுத்த வேண்டும். என் மனைவி அந்தப் பதினைந்து நிமிடம் குழாயைக்கூடத் திறக்க மாட்டாள்.

மாட்டு டாக்டர் இங்கே மாற்றலாகி வந்து இரண்டு வருடம் ஆகிறது. முப்பத்து நான்கு வயது. சிரித்த முகம். பண்ணை பண்ணையாக ஒரு பழைய காரில் சுற்றுவார். மன்றத்து வண்டிகளுக்கெல்லாம் புது ரேடியோ வாங்குவது என்று முடிவான கூட்டத்தில் அவர்தான் எழுந்தார்.

"அண்ணே, நீங்க சொல்றது தப்புன்னு சொல்லல. ஆனா எல்லாரும் ஒரே பேண்ட்ல இருந்தா, ஒருத்தர் பேசிட்டு இருக்கும்போது இன்னொருத்தருக்கு ஆபத்துன்னா அவர் எங்க போய் கத்துவார்?"

"காத்திருக்கணும். ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றேன்.

"மாடு கன்னு போடும்போது காத்திரும்மான்னா காத்திருக்குமா அண்ணே?"

எல்லோரும் சிரித்தார்கள். பஸ் ஓட்டும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கை தூக்கச் சொன்னோம். எட்டுக்கு மூன்று. இரட்டை பேண்டுக்குக் கை தூக்கியவர்களில் ஐந்து பேர் என் பட்டறையில் உட்கார்ந்து பாடம் படித்து உரிமம் வாங்கியவர்கள். அதை நான் சொல்லிக்காட்டவில்லை. பத்து வண்டிகளுக்கும் நானே ரேடியோ பொருத்திக் கொடுத்தேன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. என் ஜீப்பில் மட்டும் பழைய ஒற்றை பேண்டே இருந்தது.

அதன் பிறகு காலை அழைப்புக்கு ஆள் குறைந்தது. எழுபது சென்டிமீட்டருக்காக டாக்டர் மலை உச்சியில், வரும் குரலை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் ஒரு ரிப்பீட்டர் வைத்தார். அதில் யாரும் வரிசைப்படி பேசுவதில்லையாம். நினைத்தபோது நினைத்தவர் பேசுவாராம். ஒரு நாள் காலையில் நான் பத்துப் பெயரையும் கூப்பிட்டேன். இரண்டு பேர்தான் வந்தார்கள். அடுத்த வாரம் ஒரு நாள் ஒருவரும் வரவில்லை. இரைச்சல் மட்டும்.

"யாருமே வரலையா?" என்றாள் மனைவி.

"பேட்டரி சார்ஜ் இல்லாம இருக்கும்."

"எல்லாருக்குமா?" என்று கேட்டுவிட்டு அவள் குழாயைத் திறந்தாள். ஏழு மணி ஆறு நிமிடம் இருக்கும்.

ஆன்டெனா கேபிளில் ஒரு குண்டூசியைக் குத்தி இரண்டு பக்கமும் வெட்டிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே கம்பியும் வலையும் ஒட்டிக்கொள்ளும். ரேடியோ வேலை செய்வது போலவே இருக்கும், ஆனால் பேச்சு வெளியே போகாது. டாக்டரின் காரில் அப்படி ஒரு குண்டூசி வைத்தேன். இரண்டு அலைவரிசைக்கும் இருப்பது ஒரே கேபிள்தான் என்பதை எல்லோருக்கும் காட்டத்தான் வைத்தேன். மறுநாளே ஆளில்லாத பண்ணை ஒன்றில் அவரைக் காளை முட்டிவிட்டது. விலா எலும்பு இரண்டு உடைந்து, காருக்குத் தவழ்ந்து போய் ரேடியோவில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அரை நாள் அங்கேயே கிடந்திருக்கிறார். அது நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகம்தான்.

கட்டோடு அவர் என் பட்டறைக்கு வந்தார். பையிலிருந்து அந்தக் கேபிள் துண்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஊசி பளபளவென்று இருந்தது.

"புது கேபிள் மாத்திட்டேன் அண்ணே. யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்."

நான் அந்தத் துண்டை எடுத்து மேஜை டிராயரில் போட்டேன்.

"உங்க மனசு கஷ்டப்பட்டிருக்கு, எனக்குப் புரியுது. நாளையிலிருந்து காலை அழைப்புக்கு எல்லாரையும் நானே வரச் சொல்றேன். நான் சொன்னா வருவாங்க."

அந்தக் கடைசி வார்த்தையை நீங்கள் கவனிக்க வேண்டும், ஐயா. அவர் திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம். நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். மறுநாள் ஏழு மணிக்குப் பத்துப் பேரும் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கிற பெரியப்பாவைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி வந்து, ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் மேல் பண்ணைக்குப் போவார். எனக்குத் தெரியும். பதினேழாவது வளைவில் தடுப்புச் சுவர் இடிந்து கிடப்பதும் தெரியும். என் ஜீப்புக்கு முன்னால் இரும்பு பம்பர் இருக்கிறது. பின்னாலேயே போனேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கையசைத்தார். வளைவில் அவர் கியர் மாற்றும் நேரம் பார்த்து இடித்தேன். முதல் இடியில் கார் திரும்பியது. இரண்டாவது இடியில் போய்விட்டது. சத்தம் நான் நினைத்த அளவுக்கு இல்லை. அறுபது அடி கீழே ஒரு மரத்தில் பக்கவாட்டாக மோதி நின்றது.

வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வழுக்கியது, மெதுவாகத்தான் இறங்க முடிந்தது. டாக்டரின் கால்கள் டேஷ்போர்டுக்கு அடியில் நசுங்கி இருந்தன. நினைவு இருந்தது. மைக்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"அண்ணே, பதினேழாவது வளைவுக்குக் கீழ இருக்கேன்ல? என்னை ஏன் இடிச்சீங்க அண்ணே? கையில எதுக்கு ஸ்பேனர்?"

அடிபட்ட மனிதர், ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன். இடம், ஆள், ஆயுதம் என்று வரிசையாகச் சொல்கிறாரே என்று அப்போது தோன்றவில்லை. முதல் அடி தோளில் பட்டது. அடுத்த நான்கும் தலையில். ஒவ்வொரு அடிக்கும் அவர் "அண்ணே" என்றார், மூன்றாவதுக்குப் பிறகு சொல்லவில்லை. மைக்கை மட்டும் விடவில்லை. விரலைப் பிரித்துப் பார்த்தேன், முடியவில்லை. பயத்தில் பிடித்திருக்கிறார் என்று விட்டுவிட்டேன். காற்று நின்றிருந்தது. அவர் மூச்சு தொண்டையில் அறுப்பது போலக் கேட்டது. அதை நிறுத்த இன்னும் இரண்டு முறை அடித்தேன்.

மேலே ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, ஜீப்பில் உட்கார்ந்து இரண்டு மீட்டரில் அழைத்தேன். டாக்டர் பதில் சொல்லவில்லை, எல்லோரும் தேட வேண்டும், இது அவசர அழைப்பு என்று அறிவித்தேன். ஒரு வினாடிகூடத் தாமதம் இல்லை. பேக்கரிக்காரர் வந்தார். பஸ் ஓட்டும் அக்கா வந்தாள். மருந்துக்கடைக்காரர் வந்தார். வரிசை பிசகாமல் ஒன்பது பேரும் வந்தார்கள். யாரும் யார் பேச்சிலும் குறுக்கிடவில்லை. நான் அவர்களை எதிர்ப்பக்கம், அணைக்கட்டுச் சாலைக்கு அனுப்பினேன். "சரி அண்ணே, போறோம்." "அங்க தேடிட்டு எங்க வரணும் அண்ணே?" "நீங்க எங்க இருக்கீங்க அண்ணே? அங்கேயே இருங்க அண்ணே." இருபத்தைந்து நிமிடம் நான் அழைப்பை நடத்தினேன். பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு ஒழுங்கான அழைப்பு நடந்ததே இல்லை.

பிறகு பதினேழாவது வளைவில் இரண்டு பக்கமும் அவர்கள் வண்டிகள் வந்து நின்றன. பின்னால் உங்கள் போலீஸ் வண்டியும்.

டாக்டரின் விரல் எழுபது சென்டிமீட்டரில் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது என்கிறீர்கள். அவர் பேசியதும் ஸ்பேனர் விழுந்ததும், அதற்குப் பிறகு அவர் மூச்சும் ஒன்பது வண்டிகளிலும் ஒரு காதில் கேட்டுக்கொண்டிருந்தது, இன்னொரு காதில் என் குரல் கேட்டுக்கொண்டிருந்தது என்கிறீர்கள். கடைசி இரண்டு அடிக்குப் பிறகும் பதினெட்டு நிமிடம் அந்த மூச்சு கேட்டது என்று ஒன்பது பேரும் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்களாம். சரி. நான்தான் கொன்றேன், யாரும் தூண்டவில்லை, யார் மேலும் வருத்தம் இல்லை. எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் அவர்கள் என்னை அங்கேயே பிடித்து வைக்க நடித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட வேண்டும். பேக்கரிக்காரர் என்னைக் கூப்பிட்ட குரலை நீங்கள் கேட்கவில்லை. "அண்ணே" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் நடுங்கியது, ஐயா. நடிக்கிறவனுக்கு அப்படி நடுங்காது. அது மரியாதை.