பச்சையாகத் தெரிந்த நெருப்பு

எனக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது, ஐயா. இந்த மின்விசிறியே போதும். இத்தனை வருடமாக அறந்தாங்கியில் கார் ஏசி பார்க்கிறேன், வீட்டில் ஒன்று வாங்கி மாட்டத் தோன்றியதில்லை.

கார் ஏசியில் குளிர்ச்சி தருகிற கேஸ் எங்கே கசிகிறது என்று பார்க்க நான் சோப்புத் தண்ணீர்தான் வைத்திருக்கிறேன். பைப் மூட்டுகளில் தடவிவிட்டுப் பொறுமையாக நின்றால், கசியும் இடத்தில் குமிழ் வரும். அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. எதிர்க்கடை முத்துராமனிடம் ஒரு சின்ன விளக்கு இருந்தது. கேஸ் கசிந்தால் அதன் சுடர் பச்சையாகும் என்பார். பழைய ஏசி கேஸுக்கு அது சரி, இப்போது வருகிற கேஸுக்குச் சுடர் நிறம் மாறாது. இரண்டுமே தீப்பிடிக்காத கேஸ் என்பதால் அதுவரை ஆபத்து வந்ததில்லை. அவரோ இன்ஜினைச் சுற்றிச் சூடம் காட்டுவதுபோல் காட்டிவிட்டு, "பச்சை தெரியுதா?" என்பார். "தெரியுதுண்ணே" என்று நிற்கிற கூட்டமே சொல்லும். எனக்கு மட்டும் ஒருநாளும் தெரிந்ததில்லை.

சவூதியிலிருந்து லீவில் வந்த ஷேக் தாவூதின் காரில் குளிர் நின்றுபோனது. முன்பக்கம் கண்டென்சர் மூட்டில் கசிகிறது என்று குமிழைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். முத்துராமன் பச்சையைக் காட்டி, டேஷ்போர்டையே பிரித்து, உள்ளே இருந்த கூலிங் காயிலை மாற்றினார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடி குளிர் இல்லை.

முத்துராமன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று கார் என்னிடம் வந்தது.

"கேஸ் மட்டும் போட்டுவிடுங்கண்ணே. லீக்கை நாளைக்கு அவரு பாத்துக்கிறேன்னாரு."

"அந்த மூட்டை ஒருதடவ பாத்துருவோமே, தம்பி."

"சோப்புத் தண்ணிதானேண்ணே" என்றார்.

எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. மனசு வலித்தது, அவ்வளவுதான். ஒருத்தர் வேலை பார்க்கிற விதமே தப்பு என்றால், அதை நாலு பேர் பார்க்க நிரூபிக்க வேண்டும். கடையில் டீ போடுவதற்கு வைத்திருந்த சிலிண்டரிலிருந்து சமையல் கேஸை ஏற்றினேன். நன்றாகவே குளிர்ந்தது.

"என்னண்ணே, ஒரு மாதிரி வாடை அடிக்குது?"

"புது கேஸு அப்படித்தான் இருக்கும், தம்பி."

முத்துராமனுக்கு வாடை தெரியாது. கொரோனா வந்துபோனதிலிருந்து அவருக்கு மூக்கு வேலை செய்யவில்லை. அப்போது அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவன் நான்தான்.

மறுநாள் டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முத்துராமன் பானெட்டைத் திறந்தார், விளக்கைப் பற்றவைத்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் நின்றிருப்பார் என்கிறீர்கள். சோப்புத் தண்ணீர்க்காரன் பேச்சை அதுவரை யார் கேட்டார்கள், ஐயா?

அந்தத் தீயில் முத்துராமன் போய்விட்டார். பக்கத்தில் நின்ற ஷேக் தாவூதுக்கு இரண்டு கையும் தேறுவது கஷ்டம் என்கிறார்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் ஏற்றியது கேஸ், நெருப்பைக் கொண்டுபோனது அவர்.

கொலை என்றுதான் எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். வண்டி முதலில் பற்றியது முன்பக்கம், நான் காட்டிய அந்த மூட்டில்தான்.