மவுஸ் வேண்டாம்

— மறுபடியும் மாத்தணுமா அண்ணி? கண்ணு ரெண்டும் எரியுது.

— இது ஒண்ணுதான் தம்பி. சர்க்யூட் போர்டு வரையறப்ப ஒரு ரெசிஸ்டரைத் தள்ளி வைக்க இன்னும் மவுஸைத் தேட வேண்டியிருக்கு. அதையும் கீபோர்டுலயே முடியற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதிக் குடுங்க.

— மவுஸால இழுத்தா நகர்ந்துட்டுப் போகுது! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையால்ல இருக்கு?

— கொளுத்தினது கொளுத்தியாச்சு. எழுதுங்க.

— அண்ணன் இத்தனை வருசமா சர்க்யூட் வரைஞ்ச சாப்ட்வேர்ல என்ன குறை? அதைத் தூக்கிப் போட்டுட்டு இதைக் கொண்டு வந்தீங்க.

— அதுல ஸ்கிரிப்டுக்கு வழியே இல்ல. மெனுவைத் திறந்து திறந்து எல்லாத்தையும் கையாலயே இழுக்கணும். இது நம்ம சொன்னபடி கேக்குது.

— ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா நாக்கு நுனியில நிக்குது.

— கேட்டுடுங்க. எனக்கும் சுமக்கறதுக்குத் தெம்பில்ல.

— கம்பெனியை விக்கப் போறீங்களா? அண்ணன் செஞ்ச வேலையை ஒவ்வொண்ணா ஸ்கிரிப்டாக்கிட்டு வர்றீங்க. நாளைக்கு எந்த ஊரான் வந்து உக்காந்தாலும் ஓடிடும். மனுசன் பக்கவாதத்துல படுத்து மூணு மாசம்கூட ஆகல அண்ணி. அதுக்குள்ள அவரைக் கணக்குலருந்தே எடுத்துட்டீங்களா?

— அவ்வளவு கெட்டவளாவா தெரியறேன்?

— தெரியல. அதான் தூக்கம் வரல. நேத்து பாக்க வந்தேன்ல, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. எந்த போர்டு முடிஞ்சுது, எது நிக்குது, ஒரு வார்த்தை கேக்கல.

— எங்கிட்டயும் கேக்கறதில்ல. ஊட்டப் போனா வாயை மூடிக்கிறாரு. "நான் என்ன குழந்தையா"ன்னு ஒரு பார்வை. அதுக்கப்புறம் எனக்கும் சோறு இறங்கறதில்ல.

— சரி விடுங்க, அழாதீங்க. எழுதிடறேன். நகர்த்தறதுக்கு எம் வைக்கட்டுமா? மூவுக்கு எம், சுலபமா ஞாபகம் இருக்கும்.

— எம் வேண்டாம், எட்டாது. இடப்பக்கம் எது காலியா இருக்கு?

— ஜி மட்டும்தான் மிச்சம். எல்லாத்தையும் இடப்பக்கமே திணிச்சாச்சு, வலப்பக்கம் பாதி கீபோர்டு சும்மா கிடக்கு. யாருக்கு எட்டாது? இது என்ன பிடிவாதம் அண்ணி?

— உங்ககிட்டச் சொன்னா உங்க மூஞ்சியே அவர்கிட்டப் போய்ச் சொல்லிடும். ஆசையை மூட்டிவிட்டு, கடைசியில ஓடாமப் போச்சுன்னா அவர் எழுந்திரிக்கவே மாட்டாரு. அதான் வாயைத் திறக்கல.

— எதைச் சொல்றீங்க?

— நேத்து என் வலது கையைத் தொடைக்கு அடியில வெச்சு அமுக்கிக்கிட்டு, ஒரு போர்டு முழுசாப் போட்டுப் பாத்தேன். இந்த ஒண்ணு மட்டும்தான் இடிச்சுது. மத்ததெல்லாம் முடியுது தம்பி. டாக்டர் கைவிட்டது உங்க அண்ணனோட வலது கையை மட்டும்தானே?