மாமியார் கைக் குடம்

"மாமியா கையிலருந்த தண்ணிக் கொடத்தப் புடுங்கி வாசல்ல கொட்டிட்டேன்க்கா."

அப்புத்தளை பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் இப்படிச் சொன்னதும், பள்ளிக்கூடம் பார்க்காமலே, நாலு பேர் பேச்சைக் கேட்டே தொழில் கற்று மூன்று கடை வைத்த நானும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அடிப்பாவி, ஏன்டி?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஒரே பிளக்குல கரண்டுக் கேத்தலும் துணி தேய்க்கிற அயனும் மாட்டி, பிளக்கு தீப்புடிச்சிருச்சு. அதுல தண்ணி ஊத்த மாமியா ஓடியாருது! ஊத்தியிருந்தா கரண்டு அடிச்சிருக்கும். நான் மெயின் சுவிட்ச்ச ஆஃப் பண்ணிட்டு, மண்ண அள்ளி அள்ளி அடிச்சேன். அணைஞ்சிருச்சு."

"லயத்துல பன்னெண்டு வீட்டுக்கும் ஒரே கூரையாச்சே!"

"பன்னெண்டும் தப்பிச்சிருச்சுக்கா!"

"மாமியா ஏசலையா?"

"அன்னைக்கு ஏசுச்சு. இப்ப வீடு வீடாப் போயி, ஒரு பிளக்குல ரெண்டு மாட்டினவங்களத்தான் ஏசுது."