சுடலைச் சீட்டுக்கட்டு

கோயில் பரிபாலன சபைச் செயலாளர் பஞ்சலிங்கம் ஐயா அவர்களுக்கு,

மண்டபத்தின் கிழக்குப் பக்கத்து மின்விசிறி கொஞ்சம் ஆடுகிறது. சீட்டுப் போட்டியன்று இரண்டு மணித்தியாலம் அதன் கீழே இருந்தவன் என்பதால் சொல்கிறேன். ஒரு ஆளை விட்டுப் பார்ப்பது நல்லது. யாருடைய தலையிலாவது விழுந்தால் கெட்ட பெயர் கோயிலுக்குத்தான்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சபைக் கூட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்டது ஒரே ஒரு கேள்வி. "நிருஷன், நீர் துடக்கோடை மண்டபத்துக்குள்ளை வந்தனீரோ, இல்லையோ? ஓம் எண்டால் ஓம் எண்டு சொல்லும்." ஓம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் வெறுமனே ஓம் என்றால் முறை தெரியாத பெடியன் என்று சபை நினைத்துவிடும். எனக்கு முறை தெரியும். குறைவிளங்காதீர்கள், உங்களைவிடக் கொஞ்சம் கூடவே தெரியும்.

ஏனென்றால் என் தொழில் அது. நெல்லியடியில் ஒரு அச்சகத்தில் மரண அறிவித்தலும், செத்தவர் நினைவாக முப்பத்தோராம் நாள் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகமும் செய்கிறவன் நான். அன்னார் யாருடைய மகன், யாருடைய சகோதரன், யாருடைய பேரன் என்று ஆறு வருடமாகத் தட்டச்சுச் செய்கிறேன். செத்தவர் யாருக்குத் தகப்பன்வழிச் சொந்தமோ அவர்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அந்தத் தீட்டோடு கோயிலுக்குள் கால் வைக்கக்கூடாது. உடுப்பிட்டி முழுவதிலும் யார் செத்தால் யாருக்குத் துடக்கு என்பது ஐயருக்குத் தெரியாவிட்டாலும் என் கணினிக்குத் தெரியும்.

விளையாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், நீங்கள் அதைச் சூது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு பேர் விளையாடுவது. ஆளுக்கு அறுபது சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வீரனோ பூதமோ மந்திரமோ இருக்கும். அடிபட்டுச் செத்த சீட்டையும், வேண்டாம் என்று கழித்த சீட்டையும் பக்கத்தில் ஒரு குவியலாகப் போட வேண்டும். அந்தக் குவியலை நாங்கள் சுடலை என்போம்.

நல்ல சீட்டுகள் வெளிநாட்டில்தான் கிடைக்கும். பிரணவனுக்குக் கனடாவிலிருந்து மாமன் பெட்டி பெட்டியாக அனுப்புவார். எனக்கு அப்படி மாமன் இல்லை. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கம்பஸ் பெடியளின் அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடும்போது, மற்றவர்கள் உதவாது என்று தள்ளிவிட்ட சீட்டுகளைப் பொறுக்கி எடுத்து ஒரு கட்டுச் செய்தேன். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். என் ஆட்களை நானே முதல் நாலு சுற்றிலும் சுடலைக்கு அனுப்பிவிடுவேன். பார்க்கிறவர்கள் நான் தோற்கிறேன் என்று நினைப்பார்கள். சுடலை நிறைந்ததும் செத்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி வந்து வேலை செய்வார்கள். ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். என் சீட்டுக்கட்டில் ஆனை கிடையாது, எல்லாம் பூனைகள். இருக்கும்போது ஐந்து சதம் பெறாது. இறந்த பிறகுதான் அதற்கு விலை.

இந்தக் கட்டால் எல்லோரையும் வென்றேன், பிரணவனைத் தவிர. அவனிடம் ஒரு சீட்டு இருந்தது. அதைப் போட்டால் எதிராளியின் சுடலை முழுவதும் ஆட்டத்தை விட்டே போய்விடும். பதினொரு முறை போட்டான். பதினொரு முறையும் அதையே சொன்னான். "மச்சான், உன்ரை செத்தவீடு முடிஞ்சுது. எழும்பு." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்காது.

இந்த வருடம் வடமராட்சிக் கிண்ணத்துக்கான போட்டி. வெல்கிறவர் கொழும்புக்குப் போகலாம். வாசிகசாலைக் கூரை ஒழுகியதால் நீங்கள் பெருந்தன்மையோடு கோயில் மண்டபத்தைத் தந்தீர்கள். மண்டப வாசலில் உங்கள் பலகை இருக்கிறது: துடக்குடையோர் உள்ளே வரக்கூடாது. அது எல்லோர் கண்ணிலும்தான் பட்டது. அதை ஒரு சீட்டாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

முதலில் தனோஜன். நல்ல விளையாட்டுக்காரன். அவனுடைய தகப்பனின் சித்தப்பா ஒருவர் நோர்வேயில் செத்து, அந்தச் செய்தியை வீட்டில் அமுக்கி வைத்திருந்தார்கள். நான் தாயாருக்குத் தொலைபேசி எடுத்து அனுதாபம் சொன்னேன், அவ்வளவுதான். பிறகு ஊருக்கே தெரிந்துவிட்டது. உண்மையான சாவு, உண்மையான துடக்கு. இதில் சபை எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பிரணவன் வீட்டில் அப்படி ஒன்றும் அகப்படவில்லை. ஆயுள் கெட்டியான பரம்பரை. தேடிப் பார்த்ததில் தியாகராசா ஐயா ஒருவர்தான் மிச்சம். பிரணவனின் தகப்பனைப் பெற்ற அப்பப்பாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. எண்பத்து நாலு வயது, தனியாள். ஒரே மகள் உதயகலா கனடாவில். போன வருடம் அவருடைய மனைவியின் கல்வெட்டை நான்தான் செய்தேன். அந்தப் பழக்கத்தில், மாதத்துக்கு ஒரு முறை அவருடைய இருதயக் குளிசையைக் கிளினிக்கில் வாங்கி வந்து, கிழமைக்கு ஒரு முறை ஏழு அறையுள்ள பெட்டியில் நிரப்பிக் கொடுப்பேன். யாரும் கேட்டுச் செய்ததில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஒரு நாள் நான் அவருடைய வீட்டு மர வாங்கில் உட்கார்ந்து சீட்டுக்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தார்.

"உதென்ன தம்பி, செத்த ஆக்களை வைச்சே விளையாடுறாய்?"

"ஓம் ஐயா. உயிரோடை இருக்கேக்கை உதவாததுகள், செத்தாப் பிறகு உதவும்."

"அப்ப என்னையும் ஒரு சீட்டாச் சேர்" என்று சிரித்தார். "நானும் இனி ஆருக்கு உதவப்போறன்?"

அவராகச் சொன்னது. நான் வற்புறுத்தவில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

போட்டிக்கு ஐந்து கிழமை இருந்தது. அந்த மாதக் குளிசையை அச்சகத்தில் என் மேசை லாச்சிக்குள் வைத்தேன். அவருடைய பெட்டியில் விற்றமினை நிரப்பினேன். நல்ல விற்றமின், பார்மசியில் கேட்டு வாங்கியது. பதினெட்டாம் நாள் கால் வீங்கியது. உப்பைக் குறைக்கச் சொன்னேன். "நீ சொன்னால் சரி தம்பி" என்றார். மூச்சு வாங்குகிறது என்றபோது தலையணையை உயர்த்தி வைத்தேன். மகள் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு அழுதாள். "நீங்கள் இருக்கிறியள் எண்டுதான் நான் இஞ்சை நித்திரை கொள்ளுறன்." கவலைப்பட வேண்டாம் என்றேன். இருபத்தாறாம் நாள் காலை பால் கொண்டு வந்தவர் கண்டார். போட்டிக்கு ஒன்பது நாள். கணக்கு நன்றாகவே அடங்கியது.

மரண அறிவித்தலை நான் இலவசமாகச் செய்தேன். உதயகலா விபரம் அனுப்பியிருந்தாள். "அன்னார், காலஞ்சென்றவர்களான நடராசா, வேலுப்பிள்ளை ஆகியோரின் அன்புச் சகோதரரும்" என்ற வரியில் என் கை நின்றது. நடராசா பிரணவனின் அப்பப்பா. வேலுப்பிள்ளை என்ற பெயருக்குப் பக்கத்தில் சாவகச்சேரி என்று இருந்தது. போன வருடம் கல்வெட்டுக்கு ஐயா அந்தப் பெயரைத் தரவில்லை. என் அப்பப்பாவின் பெயர் வேலுப்பிள்ளை. அப்பாவும் சாவகச்சேரியில் பிறந்து, அம்மாவைக் கட்டி உடுப்பிட்டிக்கு வந்தவர்தான்.

வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தா.

"ஓமடா. உன்ரை அப்பப்பாவின்ரை கூடப்பிறந்த தம்பி. இவர் வேலியை ஒரு முழம் எங்கடை பக்கம் அரக்கிப் போட்டார் எண்டு சண்டைப்பட்டு, உன்ரை அப்பப்பா ஊரை விட்டே போனவர். அண்டையிலையிருந்து நன்மை தின்மைக்கும் போக்குவரவு இல்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ குளிசை கொண்டுபோய்க் குடுக்கிறது தெரியும். கிழவன் தனியக் கிடக்குது, உரித்துப் பிள்ளை போய்ப் பாக்குது, நல்லதுதானே எண்டு பேசாமல் இருந்தனான். அந்த மனுசனுக்கும் தெரியும். இல்லாட்டில் ஆரோ ஒரு பெடியனை நம்பிக் குளிசைப் பெட்டியைக் குடுக்குமோ?"

அரிசியை உலையில் போட்டுவிட்டு அம்மாவே சொன்னா. "சண்டை எண்டாலும் துடக்கு விடாது. கோயிலுக்குப் போகாதை."

ஐயா, இந்த இடத்தில்தான் நான் பிழை விட்டேன். துடக்கு என்று தெரிந்திருந்தும் வேலுப்பிள்ளை என்ற பெயரை அறிவித்தலிலிருந்து எடுத்துவிட்டேன். ஆறு வருடத் தொழிலில் ஒரு உறவைக்கூட விட்டவன் இல்லை. அது இன்றைக்கும் மனதை அறுக்கிறது. செத்தவீட்டில் பிரணவன் கொள்ளி வைத்தான், நான் பக்கத்தில் நின்று குடம் பிடித்தேன். அவன் விம்மி விம்மி அழுதான். அவனுக்கு இவ்வளவு பாசம் இருந்தால் இடைக்கிடை வந்து பார்த்திருக்கலாம்.

போட்டியில் நான் வென்றது உங்களுக்குத் தெரியும், கிண்ணத்தைத் தந்ததே நீங்கள்தான். வெளியே வந்தபோது பிரணவன் கோயில் வீதிக்கு அப்பால், மதகில் குந்திக்கொண்டு காத்திருந்தான். சுடலையைத் துடைக்கிற அந்தச் சீட்டை என் சட்டைப் பைக்குள் வைத்தான். "கொழும்பிலை உனக்கு உது தேவைப்படும் மச்சான். கடைசி மட்டும் அந்தக் கிழவனை நீதானே பார்த்தனீ." வாங்கிக்கொண்டேன். மறுப்பது மரியாதையில்லை.

அடுத்த கிழமை உதயகலா விடுபட்ட பெயரையும் சேர்த்து அறிவித்தலை முகநூலில் போட, நீங்கள் அதைப் படித்து, என் அப்பப்பாவின் பெயரை நினைவு வைத்து என்னைக் கூப்பிட்டீர்கள். உங்கள் நினைவாற்றலைப் பாராட்டுகிறேன்.

ஆகவே என் பதில்: ஓம். துடக்கோடு மண்டபத்துக்குள் வந்தேன். மண்டபத்தைக் கழுவிப் புண்ணியாகவாசனம் செய்கிற செலவு என்னுடையது. சபை சொல்கிற பிராயச்சித்தத்தையும் செய்கிறேன். குளிசை விஷயம் சபைக்கு உரியதல்ல என்று தெரியும், விபரம் முழுமையாக இருக்கட்டும் என்றுதான் எழுதினேன். கோயில் முறையை மீற முதலிலேயே திட்டம் போட்ட ஆள் நானில்லை. தியாகராசா ஐயா எனக்குத் துடக்குக்காரர் என்று முன்னமே யாராவது ஒரு சொல் சொல்லியிருந்தால், நான் வேறு ஆளைப் பார்த்திருப்பேன்.