கால் சுற்று

சைக்கிளைத் தினமும் கழுவ வேண்டும் என்பது என் கொள்கை. மழையோ வெயிலோ, எட்டு வண்டிகளையும் நுரை போட்டுக் கழுவித் துடைத்து எண்ணெய் விட்ட பிறகுதான் சாப்பிட உட்காருவேன். பதினேழு வருஷமாக இந்தச் சைக்கிள் பந்தயக் குழுவின் மெக்கானிக் நான். என் வேலையில் குறை என்று ஒருவரும் வாய் திறந்ததில்லை. விசாரணைக் குறிப்பில் அதையும் எழுதிக்கொண்டால் நல்லது.

எங்கள் குழுவில் ஓட்டுகிற வெட்டுக்கிளி என் அக்கா மகன். இருபத்தொரு வயது. உடம்பில் பாதிக்கு மேல் கால்தான், அதனால் அந்தப் பெயர். போன மாதம் நான் முதுகுவலி என்று விடுப்பில் இருந்தபோது, சின்னப் பந்தயங்கள் மூன்றில் வரிசையாக முதலில் வந்துவிட்டான். உடனே பத்திரிகைக்காரர்கள் இந்தப் பத்து நாள் பந்தயமும் அவனுக்குத்தான் என்று எழுதித் தீர்த்துவிட்டார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. அக்காவும் போனில் கவலைப்பட்டாள். "நீ பக்கத்துல இருக்கேன்னுதான் தைரியமா இருக்கேன். அவனைப் பாத்துக்கோ" என்றாள்.

பார்த்துக்கொண்டேன்.

பிஞ்சில் பழுத்தது வெம்பிப்போகும். அதனால் முதல் நாள் காலை அவனுடைய பின்சக்கர அச்சைக் கால் சுற்று கூடுதலாக இறுக்கினேன். சத்தம் வராது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். சுற்றிப் பார்ப்பது என் வேலை.

அன்றைக்கு நாற்பத்து மூன்றாவதாக வந்தான். டாக்டர் ரத்தம் எடுத்தார், குறை ஒன்றும் இல்லை. பயிற்சியாளர் அவன் சாப்பாட்டை மாற்றினார், பிறகு ஷூவை மாற்றினார், கடைசியில் தலையணையை மாற்றினார். நான்காம் நாள் சாயங்காலம் என் வேனுக்குள் வந்து உட்கார்ந்தான். "மாமா, கால்ல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரி இருக்கு. நான் அவ்ளோதானா?"

வயதிருக்கிறது, அவசரப்படாதே என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதான். சின்னப் பிள்ளையில் விழுந்து அடிபட்டால் அப்படித்தான் என்னிடம் ஓடி வருவான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

இறக்கத்தில் அச்சு இறுகிச் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஆள் மிஞ்சமாட்டான் என்கிறீர்கள். எனக்குத் தெரியாதா? அதனால்தான் கால் சுற்றோடு நிறுத்தினேன். மலை ஏறுகிற நாட்களில் மட்டும் அரைச் சுற்று.

பெரிய குழு ஒன்று அவனைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்ததையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள். அந்தக் குழுவில் ஏற்கெனவே ஆறு மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவனுக்கு அவர்கள் என்ன உறவு?

ஒன்பதாம் நாள் அவன் டயர் பஞ்சரானது. அதற்கு நான் பொறுப்பில்லை. மாற்றுச் சைக்கிள் ஏற்றிய எங்கள் வேன் பின்னால் நெரிசலில் மாட்டிக்கொண்டதால், கூட ஓட்டிய தடியன் தன் சைக்கிளைக் கொடுத்தான். இருக்கை உயரம், கைப்பிடி தூரம், ஒன்றும் அவன் அளவுக்கு இல்லை. அதில் ஏறி, முன்னால் போனவர்களை ஒவ்வொருவராகத் தாண்டி, அன்றைய ஓட்டத்தை இரண்டு நிமிட வித்தியாசத்தில் ஜெயித்தான்.

கோடு தாண்டியவனைத் தூக்கிக் கொண்டாட எல்லோரும் ஓடினார்கள். அவன் விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். முகத்தில் கோபம்கூட இல்லை.

"மாமா, அந்த வண்டி ஓடுது" என்றான்.

மேலாளர் அவன் பழைய சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். மூன்று சுற்றில் நின்றுவிட்டது. நான் சுற்றும்போதும் மூன்றுதான்.

மறுநாள் வேறொருவர் பூட்டிய சக்கரத்தில் ஓட்டி, மொத்தத்தில் ஆறாவதாக முடித்தானாம். அக்கா போனை எடுப்பதில்லை. நாளாக நாளாகப் புரிந்துகொள்வாள்.

அவன் ஜெயிக்கக் கூடாது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இந்த வருஷம் வேண்டாமே என்றுதான் நினைத்தேன். போன வருஷமும் அப்படித்தான் நினைத்தேன்.